நீங்கள் கேட்டவை: எந்த நந்தனாரை முதலில் படிப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சமய நூல்களை எப்படிப் படிக்கத் தொடங்குவது, யாருக்கு எதைக் கொடுப்பது, சாமி கதையை நாவலாக்கினால் படிக்கலாமா கூடாதா. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"பணி ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. பெரியபுராணம் படிக்க ஆசைப்பட்டு உரையோடு வாங்கினேன். பாயிரத்தைத் தாண்ட முடியவில்லை. எனக்குத் தமிழ் போதாதா?" (விழுப்புரம் வாசகர்)

உங்கள் தமிழில் குறை இல்லை. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ள நூலை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தே ஆக வேண்டும் என்று நினைத்ததுதான் சிக்கல். சேக்கிழார் மலைச் சிறப்பு, நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு என்று நிதானமாக நடந்து வருவார், அந்த நடை பழகியவர்களுக்கு அது சுகம், புதிதாக வருபவருக்குக் கால் வலிக்கும்.

நேராகக் கண்ணப்பர் கதைக்குப் போங்கள். முதலில் வசனத்தில் படியுங்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1852-லேயே பெரியபுராணத்தை வசனமாக எழுதி அச்சிட்டார், இன்றும் கிடைக்கிறது. நடை சற்றுப் பழையதுதான், ஆனால் வாய்விட்டுப் படித்தால் தடையில்லாமல் ஓடும். என் பாட்டி அதைத்தான் வைத்திருந்தார். அட்டை போய், ஓரமெல்லாம் விபூதி படிந்து, நடுவில் நூல் விட்டுப்போன பிரதி. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டே படிப்பார். கண்ணப்பராகப் போகிற திண்ணனார் வாயில் தண்ணீரும் தலைமயிரில் பூவும் கையில் இறைச்சியுமாக மலையேறுகிற இடம் வந்ததும் விரல் நின்றுவிடும். "பாரு, மூணையும் வைக்க இடம் இல்லை அவனுக்கு, அதான் வாயிலே" என்பார். எந்த உரையாசிரியரும் எனக்கு அதை அப்படிச் சொல்லித் தந்ததில்லை. இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, வேறு பாத்திரமும் இல்லை, அதனால் வாய்.

வசனத்தில் கதை மனதில் உட்கார்ந்த பிறகு அதே பகுதியைப் பாட்டில் எடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு பாட்டு போதும். கதை தெரிந்திருப்பதால் சொற்கள் தானாகவே பிடிபடும். கண்ணப்பர், காரைக்கால் அம்மையார், அப்பர் என்று மூன்று பேரை இப்படி முடித்துவிட்டால் அப்புறம் பாயிரம் உங்களைப் பயமுறுத்தாது.

"என் மாமனார் நந்தனார் கதையைச் சொல்லிக் கண்கலங்குவார். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதே கதையைக் கேட்டுக் கோபப்படுகிறாள். 'அவரை எதுக்கு நெருப்புல இறங்கச் சொன்னாங்க?' என்று கேட்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் இந்தச் சண்டை தீரும்?" (மயிலாடுதுறை வாசகி)

தீர்க்க வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டில் நடப்பது சண்டைதான் என்றாலும், அது நூறு நூற்றைம்பது வருடங்களாகத் தமிழில் நடந்துவரும் பேச்சின் ஒரு துண்டு. நீங்கள் செய்யக்கூடியது, இருவரும் எந்த நந்தனாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பது. ஏனென்றால் நந்தனார் ஒருவர் இல்லை.

நந்தனாரைப் பற்றிச் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணம் சின்னதுதான், ஒரே இருக்கையில் படித்துவிடலாம். ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவர் தொண்டு. இதைக் கவனித்துப் படியுங்கள்: அவர் கொடுத்த தோலில்தான் உள்ளே முரசு முழங்குகிறது, அவர் கொடுத்த நரம்பில்தான் உள்ளே இசை எழுகிறது, அவர் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறார். சேக்கிழார் இதை விளக்கிச் சொல்லவில்லை. பொருள்களை வரிசையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார், ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் மறக்காது. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது, அவர் குளம் வெட்டுகிறார், தில்லைக்கு "நாளைப் போவேன்" என்று தள்ளிக்கொண்டே வருகிறார். போன பிறகும் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார், உள்ளே போகவில்லை. கனவில் இறைவன் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். இந்தப் புராணத்தில் பண்ணையார் கிடையாது. கொடுமைக்கார ஆண்டை கிடையாது.

உங்கள் மாமனார் கண்கலங்கும் நந்தனார் அநேகமாக இவர் இல்லை. அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனாராக இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடியபோதுதான் வேதியர் என்ற ஆண்டை கதைக்குள் வருகிறார், சிதம்பரம் போக அனுமதி கேட்டு நந்தன் கெஞ்சுகிறான், நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் விளைவித்துக் காட்டு என்று நிபந்தனை வருகிறது. பாரதியார் தஞ்சைப் பகுதியில் வாழ்ந்தவர், பண்ணையாட்களின் வாழ்க்கையைக் கண்ணால் பார்த்தவர். புராணத்தில் இல்லாத அந்த ஆண்டையை அவர் தெருவிலிருந்து கொண்டுவந்தார் என்றுதான் நான் நம்புகிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினாராம். இலக்கணப் பிழை இருக்கிறது, பெரியபுராணத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது அவர் காரணம். பிறகு பாரதியார் பாடிக் கேட்டு உருகிக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

உங்கள் மகளின் கேள்வியும் புதிதில்லை. புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்று ஒரு சிறுகதை எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்று ஒரு நாடகம் எழுதினார், நந்தனைத் தீக்குள் அனுப்பியதில் மனிதர்களின் பங்கு என்ன என்று அது நேராகவே கேட்கிறது. "ஏன் நெருப்பு?" என்று மகள் கேட்பது அபசாரம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதையை அவள் மதிக்கிறாள், நந்தன் மேல் அவளுக்கு அக்கறை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறாள். மாமனாருடைய கண்ணீருக்கும் அதே நந்தன்தான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேக்கிழாரின் பகுதியை மகள் படிக்கட்டும். மாமனார் கீர்த்தனையிலிருந்து தனக்குப் பிடித்ததைப் பாடட்டும். அப்புறம் நாடகத்தை மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக வாசியுங்கள். கோபம் வரும், வரட்டும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: சேக்கிழாரில் தொடங்கினால்தான் பின்னால் வந்தவர்கள் எதைச் சேர்த்தார்கள், எதைக் கேட்டார்கள் என்பது புரியும்.

"அகலிகை கதையை மாற்றி எழுதிய சிறுகதை ஒன்றைப் பத்தாம் வகுப்பு மாணவிக்குப் பரிந்துரைத்தேன். அவள் அப்பா வந்து, 'இதிகாசத்தை இஷ்டத்துக்கு மாற்றலாமா?' என்று வருத்தப்பட்டார். என்ன பதில் சொல்வது?" (நூலகர் ஒருவர்)

நீங்கள் கொடுத்தது புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' என்று நினைக்கிறேன். சாபம் தீர்ந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைக் கேட்டு மறுபடியும் கல்லாகிவிடுகிற கதை.

அந்த அப்பாவுக்கு வருத்தம் வந்தது நியாயம்தான், அவருக்கு ராமன் வெறும் பாத்திரம் இல்லை. விவாதம் எதுவும் செய்யாமல் ஒன்றை மட்டும் காட்டுங்கள். வால்மீகியில் அகலிகை கல் ஆவதே இல்லை. யார் கண்ணிலும் படாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடக்கும்படி சாபம். கல்லாகக் கிடந்து ராமன் பாதத்துகள் பட்டு எழுவது கம்பன் பாடியது. நாமெல்லாம் 'அகலிகை கல்' என்று சொல்கிறோமே, அந்தக் கல் வால்மீகியில் கிடையாது. கம்பன் ஒன்றைச் செய்தான், புதுமைப்பித்தன் இன்னொன்றைச் செய்தார். கம்பன் செய்தது பக்தியில் பிறந்தது, இவர் செய்தது அகலிகையின் மேல் உள்ள பரிவில் பிறந்தது. மாணவிக்கு இரண்டையும் சேர்த்தே கொடுங்கள், கம்பனின் அகலிகைப் படலம் முதலில். சிறுகதையை மட்டும் தனியாகக் கொடுத்ததுதான் உங்கள் பக்கத்துச் சின்னக் குறை.

"மகாபாரதத்தை வீட்டில் வைத்துப் படித்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்கிறார்களே?" (திருப்பூர் வாசகி)

வடமாவட்டங்களில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், வில்லிபாரதப் பாட்டைச் சொல்லி விளக்குவார்கள். இரவெல்லாம் கூத்து. கடைசியில் படுகளம்: மண்ணால் பிரமாண்டமாகத் துரியோதனனைத் தரையில் படுக்க வைத்திருப்பார்கள், பீமன் வேடக்காரர் அதன் தொடையில் அடிப்பார், பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள், அப்புறம் தீமிதி. ஊரே சேர்ந்து பாரதம் கேட்கிறது, எந்த ஊரும் அதனால் உடைந்ததில்லை. மழை இல்லாத வருடம் விராட பர்வம் படித்தால் மழை வரும் என்று உட்கார்ந்து படிக்கிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. எனவே தாராளமாகப் படியுங்கள்.

தொடங்க ராஜாஜியின் 'வியாசர் விருந்து'. அதன் பிறகு நாவல் வேண்டுமென்றால், பீமன் பார்வையில் சொல்லப்பட்ட எம்.டி. வாசுதேவன் நாயரின் மலையாள நாவல் 'இரண்டாம் இடம்' என்று குறிஞ்சிவேலன் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பைரப்பாவின் கன்னட நாவலைப் பாவண்ணன் 'பருவம்' என்று தந்திருக்கிறார், அதில் தெய்வீகம் முழுக்க உதிர்ந்து வெறும் மனிதர்கள்தான் மிஞ்சுவார்கள், அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் எடுங்கள். தமிழிலேயே சின்னதாக ஒன்று வேண்டுமா, எம்.வி. வெங்கட்ராமின் 'நித்யகன்னி'. ஒரு காது மட்டும் கறுத்த எண்ணூறு வெள்ளைக் குதிரைகளைக் குருதட்சிணையாகத் தேடுகிற காலவன், அதற்காக அரசர் கை மாறிக் கை மாறிப் போகிற மாதவி. பாரதத்தில் ஒரு மூலையில் கிடக்கும் கதை. நான் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேறு எதையும் தொடவில்லை.

"என் பக்கத்து வீட்டார் இஸ்லாமியர்கள். பெருநாளுக்குப் பிரியாணியோடு சீறாப்புராணப் பிரதி ஒன்றும் தந்தார்கள். நான் தினமும் சிவபூசை செய்பவன். படிப்பது முறையா?" (கும்பகோணம் வாசகர்)

உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். அதெல்லாம் படித்து என்ன பிரயோசனம், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டுவிட்டார். சைவ மடத்தில் பாடம் கேட்டு வளர்ந்தவருக்கு ஒரு சமணக் காப்பியத்தைப் பரிந்துரைத்ததோடு, பிரதியும் தேடிக் கொடுத்தார் அவர். ஐயருக்குச் சமணக் கொள்கைகள் புரியவில்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு முட்டிக்கொள்ளாமல், கும்பகோணத்தில் வாழ்ந்த ஜைனர்களின் வீட்டுக்கே போனார். போன வீட்டில் வாசலில் கோலமும் தோரணமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்றால், சிந்தாமணி படித்து முடித்ததற்கான பூஜையாம்! ஏட்டில் செத்துப்போயிருக்கும் என்று நினைத்த நூல் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தது. அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் நெற்றியில் விபூதி கடைசிவரை அப்படியே இருந்தது.

மேலே சொன்ன நாவலரும் அப்படித்தான். சைவத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர், இளமையில் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிள் தமிழாக்கத்தில் உழைத்தார்.

ஆகவே படியுங்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை முதலில் எடுங்கள். வேடன் வலையில் மாட்டிய பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நபிகளிடம் கெஞ்சுகிறது, அவர் தன்னையே பிணையாக வைத்து அனுப்புகிறார், மான் குட்டியோடு திரும்பி வருகிறது. கம்பன் படித்த காதுக்கு அந்த நடை அந்நியமாக இருக்காது. புரியாத அரபுச் சொல் வந்தால் அகராதியைத் தேட வேண்டாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். புத்தகம் கொடுத்தவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம் ஒன்றும் இருக்க முடியாது.

பதிலுக்கு என்ன கொடுப்பது என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் நாவல் படிப்பவர்களா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். படிப்பவர்கள் என்றால் தோப்பில் முஹம்மது மீரான் அவர்களிடம் ஏற்கெனவே இருப்பார். உங்களிடம் இல்லையென்றால் அவர்களிடமிருந்து 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை இரவல் வாங்குங்கள். பிறரின் சமயத்தை அறிய வேத நூல் ஒரு வழி, நாவல் இன்னொரு வழி. வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், யாருக்கு யார் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் நாவலில்தான் தெரியும். கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி அப்படி அறிய ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இரண்டையும் சொல்வேன். தேம்பாவணியும் நல்ல காப்பியம்தான், ஆனால் அது கோவில் கோபுரம் மாதிரி, தூரத்திலிருந்து பார்க்கலாம். 'கோவேறு கழுதைகள்' ஆரோக்கியத்தின் வீட்டு அடுப்படி அதில் கிடைக்காது.

"அம்மா இறந்து மூன்று மாதம். சாமி அறைக்குள் போகவே பிடிக்கவில்லை. மறுபடி நம்பிக்கை வர ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்." (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். நம்பிக்கை வரவழைக்கும் புத்தகம் என்று ஒன்றை உங்கள் கையில் திணிக்க மாட்டேன். நான் ஒருமுறை அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். கணவரை இழந்த தோழிக்கு, எனக்கு மிகவும் பிடித்த தத்துவ நூல் ஒன்றை, தடிமனானது, பதினாறாம் நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்துத் திரும்பக் கொடுத்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் அடையாளமாக இருந்தது. அவளுக்கு அப்போது தேவைப்பட்டது என்னவோ, நான் கொடுத்தது அது இல்லை.

சாமி அறைக்குள் போக வேண்டாம், அவசரம் இல்லை. படிக்க முடிகிறபோது டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' படியுங்கள், நூறு பக்கம்கூட வராது. வலியில் கிடக்கும் எஜமானனின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் கெராசிம் என்ற வேலைக்காரன் அதில் வருகிறான். அவன் உபதேசம் எதுவும் செய்வதில்லை, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். உங்கள் அம்மாவின் கடைசி நாட்களில் நீங்களும் அப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்று உங்கள் கடிதம் சொல்கிறது.

அப்புறம், சாமியிடம் கோபம் இருந்தால் அதற்கும் தமிழில் இடம் உண்டு. அப்பரின் முதல் பதிகம் 'கூற்றாயினவாறு' சூலை நோயில் துடித்துக்கொண்டு பாடியது. குடலைத் துடக்கி முடக்குகிறதே, என்னால் தாங்க முடியவில்லையே என்று நேருக்கு நேர் முறையிடுகிறார். எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலிலும் ஓயாமல் காதுக்குள் ஒலிக்கும் அருவருப்பான குரல்களுக்கு நடுவே ஒருவன் முருகனைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அது கனமானது, இப்போது வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம். மறுபடி எழுதுங்கள். புத்தகம் பற்றி இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

"குளிக்காமல் திருவாசகம் படிக்கலாமா?" (சேலம்)

படிக்கலாம். பேருந்தில் நின்றுகொண்டும் படிக்கலாம்.

"ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' நாவல் நூறு பக்கத்தில் நிற்கிறது. விட்டுவிடலாமா?" (கோவை)

விட்டுவிடலாம், ஆனால் அதற்கு முன் ஒருமுறை ஒரு நாள் முழுக்க ஒதுக்கி ஐம்பது பக்கம் தொடர்ந்து படித்துப் பாருங்கள். தினம் ஐந்து பக்கம் என்று படித்தால் அதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே மறந்துபோகும். அப்படியும் ஓடவில்லை என்றால் அசோகமித்திரனின் 'பிரயாணம்' சிறுகதையைப் படியுங்கள். குருவும் சீடனும் மலையும் ஓநாய்களும். சில பக்கங்கள்தான், கடைசி வரியில் நின்றுவிடுவீர்கள்.

"மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, கண் சரியாகத் தெரியவில்லை. தினமும் ஏதாவது படித்துக் காட்டச் சொல்கிறார். எனக்குச் சமய நூல் எதுவும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?" (காரைக்கால் வாசகி)

உங்கள் ஊர் அம்மையாரிடமிருந்து. ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு மாம்பழம் வாரியிறைக்கும்போது உங்கள் மாமியார் எத்தனை வருடம் நின்றிருப்பார்! புனிதவதி ஒரு மாம்பழத்தை அடியாருக்கு இட்டுவிட்டு, கணவன் இரண்டாவதையும் கேட்கிறபோது என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் நிற்கிறாளே, அந்த இடத்தில் தொடங்குங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். வேகமாகப் படிக்காதீர்கள். அவர் குறுக்கே பேசினால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். "அப்படி இல்லை, எங்கம்மா இப்படித்தான் சொல்லுவா" என்று அவர் திருத்தினால், அதைப் பென்சிலால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.